குழந்தைக்குச் சளியா? சிரப் பாட்டிலைத் தொடும் முன் ஒரு நிமிஷம்!

புதுச்சேரி:-

மழை பிடித்துக்கொண்டால் முத்தியால்பேட்டை மெடிக்கல் கடைகளில் சாயங்காலம் ஒரே பேச்சுதான்.

"அண்ணே, புள்ளைக்கு ரெண்டு நாளா மூக்கு ஒழுவுது. நல்ல சிரப்பா ஒண்ணு குடுங்க."

டாக்டர் சீட்டு கிடையாது. குழந்தைக்கு எத்தனை வயசு, எத்தனை கிலோ என்ற கேள்வியும் பல நேரம் கிடையாது. பாட்டில் கை மாறிவிடுகிறது.

அப்படிக் கை நீட்டுகிறவர்கள் 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தை மறந்துவிடக் கூடாது.

48.6 சதவீதம் விஷம்

மத்திய பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரண சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் தூக்கிப்போன குழந்தைகள் அவை. சிரப் கொடுத்த சில நாளில் சிறுநீர் நின்றது. சிறுநீரகம் பழுதானது. ஒன்றன்பின் ஒன்றாக 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் பலியாயின.

சிரப்பின் பெயர் 'கோல்ட்ரிப்'. அது தயாரானது எங்கோ வடக்கே அல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனியில்!

தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் மருந்தைச் சோதித்தது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால். அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதம்தான். தமிழ்நாட்டில் உடனே விற்பனைக்குத் தடை போட்டார்கள். புதுச்சேரியிலும் தடை வந்தது. கம்பெனி உரிமையாளர் கைதானார். லைசென்சும் ரத்தானது.

இந்த டைஎத்திலீன் கிளைகால் தொழிற்சாலைச் சரக்கு. பிரேக் ஆயில் போன்றவற்றில் சேர்ப்பார்கள். நிறம் கிடையாது, நாக்கில் இனிக்கும். சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைகால் என்ற நல்ல சரக்கு ஊற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தரமில்லாததை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் விஷமும் கூடவே வந்துவிடும். பெற்ற தாய் மோந்து பார்த்தாலும் ருசித்துப் பார்த்தாலும் தெரியாது.

இது புதுசும் இல்லை. இதே விஷத்துக்கு 1937-ல் அமெரிக்காவில் 100-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1972-ல் சென்னையில் 14 குழந்தைகள் போயின.

அப்புறம் எதற்கு சிரப்?

2025 அக்டோபர் 3-ந்தேதி மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குனரகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 5 வயது வரைக்கும்கூட பொதுவாக வேண்டாம் என்பதே அதன் சாரம்.

விஷம் கலக்காத நல்ல சிரப்பாகவே இருக்கட்டும். சின்னக் குழந்தைக்கு அதனால் பெரிய பலன் கிடையாது. தூக்க மயக்கமும் படபடப்பும்தான் மிச்சம். சளி என்பது வைரஸ் வேலை. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாக இறங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

ஆயா வைத்தியம்

அதுவரை சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதா? வேண்டாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, ரசம் சோறு. மூக்கடைத்தால் மெடிக்கலில் கிடைக்கும் உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து. பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும் இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

தேன் நல்லதுதான். படுக்கப்போகும்போது அரை ஸ்பூன் கொடுத்தால் இருமல் அடங்கும். ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது.

சில பழக்கங்களை ஆயாவே சொன்னாலும் விட்டுவிடத்தான் வேண்டும். குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விடுவது அதில் முதலாவது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாம்பிராணிப் புகையும் அடைத்த மூக்குக்கு எதிரி. கற்பூரம் சாமிக்கு மட்டும் இருக்கட்டும். குழந்தை வாயில் போனால் வலிப்பு வரும். கொதிக்கிற சட்டியை வைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம். சட்டி கவிழ்ந்தால் சளிக்குப் பதில் தீக்காய வார்டுதான்.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்டது என்றால் 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே ஆஸ்பத்திரிதான். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், துவண்டு கிடந்தாலும் அதே கதைதான். 2 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ராத்திரி ஆனாலும் ஆட்டோ பிடித்து எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ போய்விடலாம். ஏற்கெனவே ஏதாவது சிரப் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை மூத்திரம் போவது குறைந்திருந்தால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.