ஆஸ்பத்திரிக்கும் நடைபாதைக்கும் இடையில்



கொழும்பு மாநகரின் மாளிகாவத்தைப் பகுதியிலே, தொடர்மாடி வீடுகளும் தோட்டங்களும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் ஓரிடத்தில், பல ஆண்டுகளாக வாழ்ந்து வருபவன் நான். தோட்டம் என்றதும் மாவும் பலாவும் நிற்கும் நிலத்தை எண்ணிவிட வேண்டாம். ஒரே தண்ணீர்க் குழாயைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சிறு வீட்டு வரிசைகளுக்கே கொழும்பிலே தோட்டம் என்று பெயர். நகர அபிவிருத்தி அதிகார சபை 2010ஆம் ஆண்டை அடுத்து எடுத்த கணக்கின்படி, இந்நகரில் இத்தகைய 1,499 குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்ந்தன. பெரிய தொகைதான். எனினும் அது கூரை உடையவர்களின் கணக்கு. இரவு பத்து மணிக்குப் பின் பஞ்சிகாவத்தை வழியே வருவோர், மோட்டார் உதிரிப்பாகக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியதும் அவற்றின் முன்னே அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுப்போரைக் கண்டிருப்பர். அவர்கள் அக்கணக்கில் வாரார்.

வீடற்றவர்களைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது இன்று என் நோக்கமன்று. அவர்களுள் நோயுற்று, ஆஸ்பத்திரியிற் சேர்ந்து, அங்கிருந்து வெளியே விடப்படுகின்றவர்கள் எங்கே போகின்றார்கள் என்னும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இக்கேள்வியை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. என் பாடசாலை விறாந்தையில் கற்றேன்.

புறக்கோட்டை மனிங் சந்தையில் மூட்டை சுமந்த நாட்டாமி ஒருவர். மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து இளமையிலேயே கொழும்புக்கு வந்தவர். பகலிற் சுமையும், இரவிற் சந்தையின் ஓரத்திலே சாக்கின்மேல் உறக்கமுமாக வாழ்ந்தவர். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அச்சந்தை பேலியகொடைக்கு இடம் பெயர்ந்தபோது, தொழிலோடு படுக்கும் இடத்தையும் ஒருங்கே இழந்தார். பின்னர் எங்கள் பகுதிக்கு வந்து கைவண்டி தள்ளினார். நீரிழிவு நோயால் காலிற் புண் உண்டாகி, ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை அகற்றினர். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ ‘துண்டு வெட்டினார்கள்’. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை நம்மவர் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

அன்று மாலை அவர் பாடசாலைக்கு வந்து, “புண் காயும்வரைக்கும் விறாந்தையிலே கிடந்துகொள்ளட்டுமா சேர்?” என்று கேட்டார். நான் இசைந்தேன். நான்கு இரவுகள் கிடந்தார். ஐந்தாம் நாள் பெற்றோர் சிலர் வந்து, பிள்ளைகள் நடமாடும் இடத்தில் முன்பின் அறியாத ஒருவரைப் படுக்கவிடுவது முறையா என்று கேட்டனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அன்றிரவு வாயிலைப் பூட்டும்படி காவலாளியிடம் சொன்னேன். பெரியவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கு எனக்குத் துணிவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களின் பின், அவருடைய கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டதென்று கேள்வியுற்றேன்.

வைத்தியர்களை இதிற் குறை கூறேன். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கட்டிலுக்காகத் தரையிற் பாய் விரித்துக் காத்திருக்கும் வேறு நோயாளிகளும் அவர்களுக்கு உண்டு. “ஒன்றுவிட்டொரு நாள் மருந்து கட்டுங்கள், காலை ஊன்றாதீர்கள், நேரத்துக்கு உணவு உண்ணுங்கள், இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்” என்று சொல்லியே அனுப்பினர். இந்நான்கும் வீடுள்ளவனுக்குச் சொல்லத்தக்க அறிவுரைகள். நடைபாதையிற் கிடப்பவன் காலை ஊன்றாமல் மலசலகூடத்துக்கு எவ்வாறு போவான்? குளிர்ப்பெட்டி அவனுக்கு எங்கே? காசநோயாளிக்கு ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த இரவில் உடுத்த துணியையே காக்க இயலாதவனிடத்தில் மருந்துப் பொட்டலம் எத்தனை நாள் இருக்கும்?

ஆகவே ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அளவுக்கு நோயும் இல்லை, வீதியிற் கிடக்கும் அளவுக்கு உடல் நலமும் இல்லை என்னும் ஒரு நிலை உண்டு. அந்நிலையில் உள்ளவர்க்கு மேலை நாட்டார் ஒரு தனி ஏற்பாட்டைச் செய்திருக்கின்றனர். தமிழில் அதனைத் தேறுதல் விடுதி என்று வழங்கலாம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1985ஆம் ஆண்டிலே, வீடற்றோர் தங்குமிடம் ஒன்றினுள் 25 கட்டில்களைப் போட்டு, வைத்தியரும் தாதியரும் இதனைத் தொடங்கினர். 1993ஆம் ஆண்டில் அது தனிக் கட்டடத்துக்கு மாறியது. நடைபாதை மக்களுக்குப் பல்லாண்டு பணிபுரிந்த பாபரா மக்கினிஸ் என்னும் தாதியின் பெயரை அதற்கு இட்டார்கள். பின்னர் அது நூறு கட்டில்களுக்கு மேற்பட்ட இல்லமாக வளர்ந்தது. வாஷிங்டன் நகரிலும் அதே 1985ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில் இத்தகைய இல்லமொன்று திறக்கப்பட்டது. 

இது இரக்கத்தால் மட்டும் செய்யத்தக்க காரியம் என்று எண்ண வேண்டியதில்லை. சிக்காகோ நகரில் ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வாறான விடுதிக்குச் சென்றவர்களையும், இடமின்மையாற் செல்ல முடியாது போனவர்களையும் ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2006ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, விடுதிக்குச் சென்றவர்கள் அவ்வோராண்டில் மீண்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கழித்த நாட்கள், செல்லாதவர்களின் நாட்களிற் பாதிக்கும் குறைவு. எங்கள் நாட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் அதன் செலவை யாரோ செலுத்தித்தானே ஆகவேண்டும்?

அவ்வளவு தூரம் போவானேன், அயலிலே பார்ப்போம் என்றால், இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில், பெருநகரங்களில் ஒவ்வோர் இலட்சம் மக்களுக்கும் ஒரு தங்குமிடம், ஆண்டு முழுவதும் இரவு பகல் திறந்திருக்கும்படி அமைதல் வேண்டும் என்று பணித்தது. 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அந்நாட்டுத் திட்டம் ஆளொருவருக்கு 50 சதுர அடி என்று அளவுங் குறித்தது. சென்னை மாநகராட்சி இத்தகைய தங்குமிடங்கள் பலவற்றை நடத்துகின்றது. அரசினர் மருத்துவமனைகளின் அயலில், நோயாளரோடு வந்தவர்கள் தங்குவதற்கும் அங்கே இடங்கள் உண்டு. அதே சென்னையில் 1993ஆம் ஆண்டிலே இளம் பெண்கள் இருவர் தொடங்கிய ‘பான்யன்’ என்னும் நிறுவனம், மனநோயுற்று வீதியில் அலைந்த பெண்களுக்கு இடங்கொடுத்துச் சிகிச்சையும் செய்தது. ஆறுதல் அடைந்தவர்களை, இயன்றவரை, அவரவர் குடும்பத்தாரிடம் சேர்ப்பதையும் தன் வேலையாகக் கொண்டது. இப்பிற்பகுதிதான் முக்கியமானது என்பது என் எண்ணம். வெளியே போகும் வழி இல்லாத விடுதி ஓராண்டில் நிறைந்துவிடும். அதன் பின் வருபவனுக்கு அது இருந்தும் இல்லாததே.

நமது நாட்டில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். முதியோர் இல்லங்கள் உண்டு. மருதானையில் ஏழைகளின் சிறு சகோதரிகள் எனப்படும் கன்னியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு நடத்திவரும் இல்லத்தை எங்கள் பகுதியில் அறியாதார் இலர். ஆயின் முதியோர் இல்லம் முதியோருக்கு உரியது. நாற்பது வயதில் கால் முறிந்தவனுக்கு அது ஏற்ற இடமன்று. புண்ணோடு வருபவரைப் பராமரிக்கும் வசதியும் பல இல்லங்களில் இல்லை. கிராம அலுவலரின் கடிதம் கொண்டுவா என்பார்கள். முகவரி இல்லாதவனுக்கு எந்தக் கிராம அலுவலர் கடிதம் எழுதுவார்? அடையாள அட்டைக்கும், 2023ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்வெசும உதவிக்கும் இதே முடிச்சு. வீடில்லாதவன் வீடில்லாதவன் என்று நிரூபிப்பதற்கும் ஒரு வீட்டு முகவரி வேண்டியிருக்கிறது!

மற்றொன்று தடுப்பு இல்லம். நீதிமன்றக் கட்டளையால் ஒருவரை அனுப்பும் இடம் அது. அம்பலாந்தோட்டைக்கு அண்மையில் ரிதியகமையில் அத்தகையது ஒன்று இருக்கின்றது. கொழும்பிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். 2013ஆம் ஆண்டு நவம்பரிற் பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் கொழும்பிற் கூடியபோது, வீதியிலுள்ள யாசகரை அங்கே கொண்டுபோவது பற்றிப் பத்திரிகைகளிற் பேசப்பட்டது. கொழும்பு ஆஸ்பத்திரியிற் கிளினிக் நாள் குறிக்கப்பட்டவன் ரிதியகமையில் இருந்து என்ன செய்வான்? ஆகவேதான் ‘தங்க இடம் தருகிறோம்’ என்று வண்டி வந்து நின்றால், எங்கள் வீதியிற் படுப்போர் ஓடி மறைகின்றனர். அதை நன்றியின்மை என்று கொள்வது பிழை.

இந்த அச்சத்துக்கு வயது மிகுதி. 1841ஆம் ஆண்டிலே ஆங்கில ஆட்சியார் இயற்றிய நாடோடிகள் கட்டளைச் சட்டம், பிழைக்கும் வழி இன்னதென்று காட்டமாட்டாமல், உடையவரின் அனுமதியுமின்றி விறாந்தையிலோ கொட்டிலிலோ வண்டியிலோ தங்குபவனைக் குற்றவாளியாகக் கொண்டது. வழிப்போக்கனுக்கென்றே வாயிலிலே திண்ணை கட்டிய மக்கள் நாம். சிங்கள மக்களோ வழிதோறும் அம்பலம் அமைத்தவர்கள். அவ்விரு சாராரும் வாழும் நாட்டில் விறாந்தையிற் படுப்பது குற்றமாயிற்று. வாயிலைப் பூட்டச் சொன்ன நானும் அச்சட்டத்தின் பக்கம் நின்றவனே.

எங்கள் பகுதி மக்கள் ஈகையிற் குறைந்தவர் அல்லர். நோன்பு மாதத்திற் பள்ளிவாசல்களிலும், வெசாக் காலத்தில் தன்சல்களிலும் அதனைக் காணலாம். ஆனால் ஒழுங்கில்லாத ஈகை என்ன செய்யும் என்பதையும் கண்டோம். 2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, மாளிகாவத்தையில் வணிகர் ஒருவர் பணம் பகிர்ந்தபோது உண்டான நெரிசலில் மூன்று பெண்கள் மாண்டனர். கொடுக்க மனமும் பொருளும் இருந்தன. நாள்தோறும் திறக்கும் ஒரு வாயிலும், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

நான் வேண்டுவது பெரிய மாளிகை அன்று. தேசிய வைத்தியசாலையிலிருந்து முச்சக்கர வண்டியிற் சில நிமிடத்தில் எட்டக்கூடிய இடத்தில், இருபது கட்டில்கள். அவற்றுட் சில, தனி வாயிலோடு, பெண்களுக்கு. பகலில் ஒரு தாதி, இரவில் ஒரு காவலர், மூன்று வேளை உணவு, ஒரு குளிர்ப்பெட்டி, மூட்டை முடிச்சை வைத்துப் பூட்ட ஆளுக்கொரு பெட்டி. இப்பெட்டியைச் சிறிய விஷயமாகக் கருத வேண்டாம். தன் பொருள் களவு போகும் என்ற பயத்தினாலேயே ஆஸ்பத்திரிக்குப் போக மறுப்போரை நான் அறிவேன். உள்ளே சேர்வதற்குக் கிளினிக் கொப்பி ஒன்றே போதிய சான்றாதல் வேண்டும். எத்தனை நாள் தங்குவது என்பதைப் புண் தீர்மானிக்கட்டும். அங்கே இருக்கும் நாட்களில், பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் ஒருவர் வாரம் ஒரு முறை வந்து அடையாள அட்டை அலுவலைப் பார்த்தால், வெளியே போகும்போது அவர்கள் கையில் ஒரு கடதாசியேனும் இருக்கும். மாநகர சபைக்கு மருந்தகங்களும் சுகாதார ஊழியரும் ஏற்கெனவே உண்டு. கட்டடம் தேடுவதைவிட, சுகாதாரப் பகுதியாரும் சமூக சேவைப் பகுதியாரும் மாநகர சபையாரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்வதுதான் கடினம் என்று அஞ்சுகிறேன்.

போலி நோயாளிகள் புகுந்துவிடுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். வெட்டிய விரலைப் போலியாகக் காட்டுதல் எளிதன்று என்றேன். அயலவர் எதிர்ப்பார்களே என்றும் கேட்டார். அதற்கு உடனே விடை கூற முடியவில்லை. எதிர்த்தவர்களுள் ஒருவன் நான்.

அந்தப் பெரியவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். பஞ்சிகாவத்தையிற் கடைக்காரர் ஒருவர், பின்புறக் கொட்டிலிற் படுத்துக்கொள்ள இடங்கொடுத்திருக்கிறார். இவருக்கு நான் அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த தாளைப் பெரியவர் நான்காக மடித்துக் கிளினிக் கொப்பியினுள் வைத்திருக்கிறார். சென்ற வாரம் வீதியிற் கண்டபோது அதனை எடுத்து எனக்குக் காட்டினார். கையொப்பத்தின் கீழே திகதி இடப்படவில்லை. திகதியை இடுவித்துத் தரும்படி என்னைக் கேட்டார்.