நூறு சொற்கள் எவை?

எதிரே கிடப்பது தோணி என்று தெரியும். அதில் ஏறவும், வலித்துக் கரைசேர்க்கவும் தெரியும். பெயர் மட்டும் வாயில் வராது. பாரிசவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கிய பலருக்கு, கை கால் ஓரளவு தேறிய பிறகும் இந்தத் துன்பம் விடுவதில்லை. அஃபேசியா எனப்படும் இந்தப் பேச்சிழப்பை அறிவு மங்கியதாக எண்ணி, அருகிலிருப்பவர்கள் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசிவிடுகிறார்கள். அது பெரிய கொடுமை. பெரும்பாலும் பொருள் உள்ளே இருக்கிறது; அதிலிருந்து ஒலிக்குப் போகும் வழிதான் பழுதாகியிருக்கிறது.

அந்த வழியைச் செப்பனிடச் சிகிச்சையாளர்கள் கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு படத்தைக் காட்டி, இது என்ன வகை, எதற்கு உதவும், எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். அப்போதும் வராவிட்டால் முதல் ஒலியை எடுத்துக் கொடுப்பார்கள்: "தோ..."

2003இல் சுவாதி கிரணும் சிந்தியா தாம்சனும் வெளியிட்ட ஓர் ஆய்வு வியப்பானது. பறவை என்றதும் சட்டென நினைவில் எழாத பறவைகளின் பெயர்களைப் பயிற்றுவித்தபோது, பயிற்றுவிக்காத சாதாரணப் பறவைகளின் பெயர்களும் வரத் தொடங்கின. எளிய பெயர்களை மட்டும் பயிற்றுவித்தபோது பலன் அப்படிப் பரவவில்லை. வழக்கத்துக்கு மாறான பறவையைப் பற்றிப் பேசும்போது, பறவைகளுக்குப் பொதுவான இயல்புகளோடு அவற்றுக்கிடையிலான வேறுபாடுகளும் மனத்தில் தூண்டப்படுகின்றன என்பது அவர்களின் விளக்கம். பங்கேற்றவர்கள் நால்வர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கணினிவழிச் சொற்பயிற்சியைப் பெரிய அளவில் சோதித்தது பிரிட்டன். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா பாமர் தலைமையில் 278 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. கணினிப் பயிற்சி பெற்றவர்கள் தமக்குத் தேவையான 100 சொற்களைத் தேர்ந்து, வீட்டிலேயே ஆறு மாதம் பயின்றார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட அந்தச் சொற்களில் சுமார் 16 சதவீதம் கூடுதல் முன்னேற்றம். ஆனால் அன்றாட உரையாடல் மேம்படவில்லை.

பயின்ற சொற்களில்தான் பலன் தெரிந்தது; ஆகவே எந்தச் சொற்களைப் பயில்வது என்பதே முதற்கேள்வி. உலகெங்கும் பயன்படும் போஸ்டன் பெயரிடல் சோதனையின் 60 படங்களில் பீவர் என்ற விலங்கும், இக்லூ என்ற பனிவீடும் உண்டு. மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள தன்னாமுனையில் ஒருவர் இவற்றுக்குப் பெயர் சொல்லத் திணறினால், அது நோயா, பழக்கமின்மையா? அவருக்கான பட்டியலில் வீச்சுவலை, இறால், கொடுவா, எருமைத்தயிர், ஏறாவூர், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இருக்க வேண்டும். இலங்கையில் ராகமவிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கிறது. தமிழில் பணியாற்றுவோர் இன்னும் பலர் வேண்டும். சிகிச்சையாளரைச் சந்திக்கும்போது வீட்டாரே இந்தப் பட்டியலையும் கைபேசியில் எடுத்த படங்களையும் கொண்டுபோகலாம்.

படத்தைப் பார்த்து "இறால்" என்று சொன்னவர், அன்று மாலையே மகளிடம் இறால் என்ன விலைக்குப் போனது என்று கேட்க வேண்டும். பயின்ற சொல்லை அப்படிப் பேச்சுக்குள் கொண்டுவரும் முறைகளைத்தான் ஆய்வாளர்கள் இப்போது தேடுகிறார்கள்.