இடம் மாறிய பரம்பரையலகு

என்பு மச்சையில் தோன்றும் குருதிப் புற்றுநோய்களுள் மூலகாரணம் மிகத் தெளிவாகத் தெரிந்தது நாட்பட்ட மயலோயிட் லியுக்கேமியா. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெண்கலங்கள் சிலரில் ஓர் இலட்சத்தையும் தாண்டிவிடும். மண்ணீரல் வீங்குவதால் இடது விலாவின் கீழ் பாரமாக இருக்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். வாய்வுக் கோளாறென்று மாதக்கணக்கில் கடத்துவோரும் உண்டு.

1960இல் பீற்றர் நவலும் டேவிட் ஹங்கர்போர்டும் இந்நோயாளரின் கலங்களில் வழமையிலும் குறுகிய நிறமூர்த்தமொன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் ஒடிந்து துண்டு மாறியதே காரணம் என்று 1973இல் ஜனற் றௌலி காட்டினார். 9இல் இருக்கும் ஏபிஎல் பரம்பரையலகு இதனால் 22இல் உள்ள பிசிஆருடன் ஒட்டிக்கொள்கிறது. ஏபிஎல் தரும் நொதியம் இயல்பில் தேவையான வேளையில் மட்டுமே இயங்கும். ஒட்டிய பின் அதற்கு ஓய்வே இல்லை, கலம் பெருகிக்கொண்டே போகும். இந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளுக்குப் போவதுமன்று. கலியாணப் பேச்சுக்குப் பயந்து வருத்தத்தை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

பன்மை மயலோமா என்ற மச்சைப் புற்றுநோயில் கதை வேறு. சிலரில் 11ஆம் நிறமூர்த்தத்தின் சைக்கிளின் டி1 பரம்பரையலகு, பிறபொருளெதிரியை ஓயாமல் ஆக்கவைக்கும் 14ஆம் நிறமூர்த்தப் பகுதிக்கு அருகே போய்ச் சேர்கிறது. புரதம் பழையதேதான், அளவுதான் மிஞ்சிவிடுகிறது.

நாட்பட்ட மயலோயிட் லியுக்கேமியாவில், ஒட்டுப் பரம்பரையலகின் நொதியம் சக்தி பெறும் குழியை அடைத்துவிடும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை பூரண குணத்துக்குப் பொருத்தமான ஒருவரின் மச்சையை மாற்றிவைப்பதே வழி. இமாட்டினிப்பின் காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால், மலிவான இந்தியத் தயாரிப்புகள் தொடர்ந்து கிடைக்க வழி இருந்தது.

 

மாத்திரை வேலை செய்கிறதா என்பதை வெண்கல எண்ணிக்கை மட்டும் சொல்லாது. ஒட்டுப் பரம்பரையலகிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. குருதியில் எவ்வளவு என்று அளக்கவேண்டும். சர்வதேச அளவுகோலில் அது 0.1 வீதத்துக்கு மேற்படாதிருப்பது நல்ல பலன். உடம்பு சுகமென்று மாத்திரையை இடைநிறுத்தினால் இந்த அளவு மீண்டும் ஏறக்கூடும். நொதியத்தின் 315ஆம் இடத்து அமினோ அமிலம் மாறிவிட்டால் இமாட்டினிப் குழிக்குள் பொருந்தாது. அத்தகையோருக்குப் பொனாட்டினிப் போன்ற பிந்திய மருந்துகள் கொடுக்கப்படுகின்றன.