பரண்மேல் மரப்பாச்சி

கொலு வைக்கிற வீட்டுக்காரர்களே, இதைக் கேளுங்கள். போன நவராத்திரிக்கு முன்னால் கீழ்பென்னாத்தூர்ப் பாட்டி ஒருவர் பேரனைத் தூக்கி வந்தார். அவன் வாயில் வர்ணம் உரிந்த பழைய மரப்பாச்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் தேடிப் பிடித்ததாம்.

"செம்மரம்தானே ஐயா, சப்பினா நல்லதுதானே?"

செம்மரம் நல்லதுதான், உரைத்துப் பற்றுப் போடுகிறோம். (தண்ணீரில் போட்டால் மூழ்கும். லேசான மரத்தில் சாயம் பூசியிருந்தால் மிதக்கும், ஏமாறாதீங்க!) ஆனால் மேலே பூசின பெயின்ட்? பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கண்டிப்பான வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் வந்தது. அந்தச் செதில் வயிற்றில் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். நீங்களே சுரண்டி எடுக்கவும் வேண்டாம், தூசி இன்னும் மோசம். அது கொலுப்படியிலேயே இருக்கட்டும்.

பையனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்க எழுதிக் கொடுத்தேன்.