முதுமையும் மனையும் – 9: தாழிட்ட அறை

வயோதிகரைப் பரிசோதிக்கும் வைத்தியர், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, உறக்கத்தையும் பசியையும் விசாரித்து, மாத்திரைகளை மாற்றியும் கூட்டியும் எழுதிக் கொடுக்கிறாரேயன்றி, ‘உங்கள் படுக்கையிலிருந்து கழிவறை எத்தனை தூரம், வழியில் வெளிச்சம் உண்டா, உட்கார்ந்து எழுந்திருக்கும்போது எதைப் பற்றிக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்பது அபூர்வம். கேட்டிருந்தால், சென்ற வாரங்களில் நாம் தனித்தனியாக வைத்துப் பார்த்த முழங்கால் வாதம், கண்புரை, சர்க்கரையினால் உள்ளங்கால் மரத்துப்போதல், புராஸ்டேட் வீக்கம் ஆகிய அனைத்தும் அந்த ஐந்தடிக்கு நாலடி அறையில் ஒன்றுகூடி நிற்பதை அவர் கண்டிருப்பார்.

முந்திய தலைமுறையில் கழிவறை கொல்லைக் கோடியில் இருந்தது, ஸ்நானம் கிணற்றடியில். மழையிலும் இருட்டிலும் அத்தனை தூரம் நடந்த சிரமத்தை நினைத்தால், படுக்கையறையை ஒட்டிய இக்காலத்து ஏற்பாடு பெரிய சௌகரியமே. ஆயினும் கிணற்றடியின் சொரசொரப்பான கருங்கல், பாசி பிடிக்காதவரையில், ஈரக்காலைப் பிடித்து நிறுத்தியது. பளபளப்புக்காகவே பொறுக்கியெடுக்கப்பட்ட இன்றைய டைல்ஸ் தரையோ, எண்ணெய் ஸ்நானத்தன்று நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த ஜலம் பரவியதும் வாலிபரையும் சறுக்கிவிடும். போதாக்குறைக்கு, ஜலம் வெளியே வராதிருக்க வாசலில் ஒரு திட்டு. வாளியிலிருந்து மொண்டு ஊற்றக் குனிந்து நிமிரும் பிரயாசை. அதைத் தவிர்க்கப் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலோ ஈரத்தில் கால் நகர்ந்துவிடும்.

நள்ளிரவுக்குப் பின் அபாயம் இரட்டிக்கிறது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கையில் ரத்தம் கால்களில் தேங்குவதும், இளமையில் நொடியில் அதை ஈடுசெய்த நரம்புகள் இப்போது தாமதிப்பதும் சரீர சுபாவம். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ குறைந்தால் வைத்தியர்கள் அதை ஒரு கோளாறாகவே கணக்கிடுகிறார்கள்; அழுத்தத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில அதை மேலும் இறக்கக்கூடியவை. நின்றவாறே சிறுநீர் கழிக்கும் ஆடவருக்கு அந்த வேளையிலேயே மயக்கம் வருவதுண்டு. மலச்சிக்கலால் முக்குவதும் இருதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. இதற்கு அரண்மனையும் விலக்கல்ல: இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் அரசர் 1760-இல், 76 வயதில், கழிப்பிடத்துக்குச் சென்ற இடத்தில் விழுந்து மாண்டார், அவருடைய தேகத்தை அறுத்துப் பார்த்த ஃபிராங்க் நிக்கல்ஸ் என்ற வைத்தியர், இருதயத்தின் வலது கீழறை கிழிந்திருக்கக் கண்டு எழுதி வைத்தார்.

ஆனால் விழுவதைவிட மெதுவாகவும் எவரும் அறியாமலும் நடக்கும் தீங்கு ஒன்று உண்டு. இந்த வாரம் எழுத முற்பட்டதே அதைச் சொல்லத்தான். எழுந்து போவதே பாரமாகவும், மருமகளையோ பேரனையோ துணைக்கு அழைப்பது லஜ்ஜையாகவும் இருக்கிற முதியோர், முக்கியமாக ஸ்திரீகள், அந்தப் போக்குவரவையே குறைத்துக்கொள்ள எண்ணி, பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ‘தாகமில்லையம்மா, வேண்டாம்’ என்பார்கள். வயோதிகத்தில் தாக உணர்ச்சி மங்குவதால் அது பாதி உண்மையாகவும் இருக்கும். நீர் குறைந்த சரீரத்தில் மலம் இறுகுகிறது, சிறுநீரில் தொற்றுக்கு இடம் ஏற்படுகிறது, எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இன்னும் சரிகிறது. தொற்று முற்றினால் சிலருக்குக் காய்ச்சலே தெரியாமல் பேச்சுத் தடுமாறி, இருக்கும் இடமே மறந்துபோகிறது. வீட்டாரோ ‘வயசாயிற்று, புத்தி கலங்கிவிட்டது’ என்று காலத்தின்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். உறவினர் கல்யாணத்துக்கு வர மறுக்கும் பாட்டியின் மனத்தாங்கலுக்கு ஆயிரம் காரணம் கற்பிக்கப்படும். மண்டபத்தில் ‘வெஸ்டர்ன்’ உண்டா என்பதொன்றே அவருடைய விசாரம் என்பது எவருக்கும் தோன்றாது.

நிவாரணம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஆசனத்தின் உயரம் 17 முதல் 19 அங்குலம், பக்கச்சுவரின் கைப்பிடி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்று அமெரிக்காவில், ஊனமுற்றோருக்கான பொதுக் கழிவறைகளுக்கு விதியே வகுத்திருக்கிறார்கள். நம் வீட்டிலும் அதைப் பின்பற்றத் தடையில்லை. துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடியாகாது. முழு தேகபாரத்தையும் தாங்கும்படி, டைல்ஸோடு நில்லாமல் செங்கல்லில் ஆழப் பதித்தாக வேண்டும். ‘ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமே’ என்று ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு; கூடத்துக்குப் பளிங்கு பதித்த கையோடு இதைச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

தாழ்ப்பாள் விஷயம் அவ்வளவு எளிதன்று. ‘தாழிடாதீர்கள்’ என்று பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உள்ளே விழுந்தவரின் உடலே உள்நோக்கித் திறக்கும் கதவை அடைத்துக்கொள்ள, வெளியே நிற்பவர் தள்ளவும் துணியாமல் தவிக்க நேரிடும். ஆயினும் ஆயுள் முழுதும் மறைவைக் காத்த எண்பது வயது ஸ்திரீ அதற்குச் சம்மதியார். சம்மதித்தாலும் எவரேனும் வந்துவிடுவார்களோ என்று அவசரமாக முடித்துக்கொள்வார், அந்த அவசரமே அவரை வழுக்கச் செய்யும். கீலை மாற்றிக் கதவை வெளிப்புறம் திறக்கும்படி செய்து, ஆபத்தில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் வெளியிலிருந்து திறந்துகொள்ளும் பூட்டைப் பொருத்திவிட்டால், அவர் எப்போதும்போல் உள்ளே தாழிட்டுக்கொள்ளலாம். அத்தகைய பூட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. கதவின் வேலையைத் தச்சர் பார்த்துக்கொள்வார்.