தபாலில் கேட்ட வைத்தியம்

1784 மார்ச் மாதம், ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் லண்டனில் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார். வயது 74. மூச்சுத் திணறலோடு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோயும் சேர்ந்துகொண்டது. ஹெபர்டன், பிராக்கிள்ஸ்பி போன்ற பெயர்பெற்ற மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அப்படியும் அவர் எடின்பரோவில் இருந்த நண்பர் பாஸ்வெல்லுக்கு எழுதி, அங்குள்ள மருத்துவர்களிடம் தன் நோயைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். பாஸ்வெல், அங்கே பேராசிரியர்களாக இருந்த கல்லன், ஹோப், மன்றோ மூவருக்கும் எழுதினார். சுமார் 400 மைல் தள்ளியிருக்கும் நோயாளிக்காக மூவரும் யோசித்துப் பதில் தந்தார்கள். இன்று இதைப் படிப்பவருக்குக் குருட்டு வைத்தியம் என்று தோன்றலாம். எனக்கோ, அந்த நூற்றாண்டு மருத்துவத்தின் பொறுப்பான முகம் இந்தக் கடிதங்களில்தான் தெரிகிறது.

தொட்டுப் பார்க்காமல் எப்படி வைத்தியம் சொல்வது என்பதுதான் முதல் ஆட்சேபம். அன்றைய மருத்துவர் நேரில் வந்தால் மட்டும் என்ன பார்த்திருப்பார்? நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பார். ஸ்டெதஸ்கோப் 1816இல்தான் பிறந்தது. மார்பை விரலால் தட்டி ஓசை கேட்கும் முறையை வியன்னாவில் அவுவன்பிரகர் 1761இலேயே வெளியிட்டும், அரை நூற்றாண்டுக்கு அதைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. ஆகவே நோயாளி சொல்லும் கதையே மருத்துவருக்குக் கிடைத்த பெரிய சாட்சியம். எப்போது தொடங்கியது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்பதையெல்லாம் நிதானமாக உட்கார்ந்து எழுதும்போது, அவசரத்தில் வாய் விட்டுவிடும் விவரங்களும் தாளில் வந்துவிடும்.

இதை நன்கு உணர்ந்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் திசோ. 1761இல் அவர் வெளியிட்ட மக்கள் உடல்நல நூல் பல மொழிகளுக்குப் போனது. மருத்துவரிடம் ஆலோசனை கேட்பவர் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் ஒன்றையும் அதில் சேர்த்திருந்தார். வயது என்ன, முன்பு உடம்பு எப்படி, காய்ச்சல் உண்டா, நாடி எப்படி அடிக்கிறது, என்னென்ன மருந்து கொடுத்தார்கள், அதனால் என்ன ஆயிற்று என்று அது விரியும். கடித வைத்தியம் பணக்காரர்களுடைய சங்கதி என்பார்கள். கட்டணம் கொடுத்து எழுதியவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள்தான், மறுக்க முடியாது. ஆனால் திசோ அந்த நூலை எழுதியது கிராமத்துப் பாதிரியார், பள்ளி ஆசிரியர், மருத்துவச்சி ஆகியோரை மனத்தில் வைத்துத்தான். எழுதத் தெரியாத ஏழையின் நோயை, எழுதத் தெரிந்த ஒருவர் ஒழுங்காகச் சொல்ல அந்தக் கேள்விகள் வழி செய்தன.

எடின்பரோவின் கல்லன் இன்னொரு படி மேலே போனார். தான் எழுதிய பதில்களுக்கு நகல் வைத்துக்கொண்டார். முதலில் ஆள் வைத்துப் பிரதி எடுத்தார். 1781 முதல் ஜேம்ஸ் வாட் உருவாக்கிய நகல் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். மை முழுதும் உலர்வதற்குள் ஈரமான மெல்லிய தாளை மேலே வைத்து அழுத்தினால் எழுத்து அதில் இறங்கும். தாளைத் திருப்பிப் பின்பக்கமாகப் படிக்க வேண்டும். அவருக்கு வந்தவையும் அவர் எழுதியவையுமாக 5,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் எடின்பரோ ராயல் மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை உள்ளூர் வைத்தியர்கள் தங்கள் நோயாளிக்காகக் கேட்டு எழுதியவை. சக மருத்துவர் ஒருவர் படிக்கப்போகிறார், நகலும் அலமாரியில் இருக்கும் என்று தெரிந்து எழுதும்போது காரணம் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

கடுமையான ஆட்சேபம் இனிமேல்தான். காரணம் எத்தனை அழகாக எழுதினாலும், சொன்ன சிகிச்சை இரத்தம் வடிப்பதும் பேதிக்குக் கொடுப்பதும் பாதரசமும்தானே? உண்மை. அதனால் நொந்தவர்கள் பலர், அந்தத் துன்பத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அது அக்கால மருந்துகளின் குற்றம். படுக்கை அருகே நின்றவரும் அதையேதான் செய்தார். தவறு எழுத்தில் பதிந்தால் திருத்தவாவது வழியுண்டு. ஜான்சன் 1784 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு பர்மிங்காம் மருத்துவர் விதரிங், உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் அதே நோய்க்கு ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலை எப்படி உதவுகிறது என்று ஒரு நூல் வெளியிட்டார். இதயத்துக்கான டிஜிடாலிஸ் மருந்து அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். அந்த நூலில் தன் நோயாளிகளோடு, மற்ற மருத்துவர்கள் கடிதத்தில் தெரிவித்த நோயாளிகளையும் சேர்த்தார், பலிக்காதவற்றையும் மறைக்கவில்லை. கடிதப் பழக்கம் இல்லாத மருத்துவ உலகில் இப்படியொரு நூல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தூரத்திலிருந்து வைத்தியம் கேட்பது இன்றும் தொடர்கிறது. இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச்சில் வந்தன. ஆலோசனையின் பதிவை மருத்துவர் பாதுகாக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. நோயாளியின் பங்குக்கு அப்படி விதி ஏதும் தேவையில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகுமுன், போனில் பேசுமுன், நோய் என்று தொடங்கியது, எதனால் கூடுகிறது, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர்களே, அந்தத் தாளை வாங்கி முழுதாகப் படியுங்கள்.