புலம் இல்லாமல் வயல் இல்லை
கூடலூரில் ஒரு குடும்பத்து நிலத்தின் கதை

கூடலூர்க்காரரிடம் "எவ்வளவு நிலம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். வயலைத்தான் சொல்வார். ஆற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற நஞ்சை அது. மலையடிவாரத்துப் புலத்தைப் பற்றிக் கேட்டால் "அது கிடக்கு, மானாவாரி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வயல் ஒன்றரை ஏக்கர், புலம் மூன்று ஏக்கர். கௌரவம் முழுக்க அந்த ஒன்றரை ஏக்கருக்கு.

வங்கியில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் பத்திரங்களையே படித்துக் கொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தேன். கிஸ்தி ரசீதுகள், புரோநோட்டுகள், அப்பாவின் வரவு செலவு நோட்டுகள் என்று நிறைய இருந்தன. பசலியைக் கழித்துக் கூட்டி வருஷம் வருஷமாக அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது, நாங்கள் பெருமை பேசுகிற வயலுக்குப் பின்னால் புலம்தான் நின்றிருக்கிறது என்பது தெரிந்தது.

முதலில் தண்ணீர்க் கதை. இது தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்ல வேண்டும். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையைக் காயவைத்தது. பத்து வருஷம் கழித்து, 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், காலம் 999 வருஷம். (என் சர்வீஸில் 99 வருஷக் குத்தகைக்கே சட்ட ஆலோசகரிடம் கருத்துக் கேட்போம்!) பென்னிகுயிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, வைகைக்குப் போனது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருப்பது எங்கள் ஊர். லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை இன்றைக்கு 14,707 ஏக்கர் இருபோகம் என்கிறார்களே, அதில் முதலில் நனைகிற வயல்களில் எங்களுடையதும் ஒன்று.

அணைக்கு முன்னால் என் பூட்டனார் எதை வைத்துப் பிழைத்தார்? அப்பத்தா சொன்னது இது: புலத்தில் இருங்குச்சோளம், மொச்சை, எள், மலையில் மாடு. வயல் மழையைப் பொறுத்தது, வந்தால் ஒரு போகம். தண்ணீர் வந்த பிறகு வயல் பெரிய பிள்ளை ஆகிவிட்டது. ஆனாலும் புலத்தை விடவில்லை. விட முடியாது. இரண்டு போகம் எடுக்கிற வயலுக்கு இரண்டு மடங்கு சத்து வேண்டும். அது எங்கிருந்து வரும்? சோளத்தட்டையும் மொச்சைக்கொடியும் புலத்திலிருந்து வந்தன. அவற்றைத் தின்ற மாட்டின் சாணம் வயலுக்குப் போனது. வயல் தந்த வைக்கோல் மறுபடி மாட்டுக்கு. மொச்சை தானே வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஆடி ஆவணியில் விதைத்தால் மழை நின்ற பிறகும் மார்கழிப் பனியிலேயே பூத்துக் காய்க்கும். அதற்கு அணைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

1930-களில் நெல் விலை விழுந்தது. உலகம் முழுக்க விழுந்த காலம். பெட்டியில் அந்த வருஷங்களின் புரோநோட்டுகள் மூன்று கிடக்கின்றன, எல்லாம் தாத்தா கைநாட்டு. நல்ல வேளையாக ராஜாஜி அரசு 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்று ஒரு விதி. ஒரு நோட்டு அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. மற்ற இரண்டையும் மாடு விற்று அடைத்தார் என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார். வயலை விற்காமல் காப்பாற்றியது மாடு. மாட்டைக் காப்பாற்றியது புலம்.

அப்பாவின் 1964-ஆம் வருஷ நோட்டில் செலவுப் பக்கம் ரொம்பச் சின்னது. கூலி, கொழு அடிக்கக் கொல்லருக்கு, கிஸ்தி, "கிடை 6 ராத்திரி, நெல் கொடுத்தது". அறுப்புக்குப் பிறகு மலைமாட்டுக் கிடையை வயலில் மறித்துப் போடுவார்கள். ராத்திரிக்கு ஒரு இடம் என்று பட்டியை நகர்த்தினால் வயல் முழுக்கச் சாணமும் மூத்திரமும் இறங்கிவிடும். விதைக்குச் செலவே இல்லை.

1978 நோட்டைப் புரட்டினால் வேறு வீடு மாதிரி இருக்கிறது. யூரியா, பூச்சிமருந்து, விதை, ஸ்பிரேயர் வாடகை. செலவில் பாதி கடைக்குப் போயிருக்கிறது. கிடை என்ற சொல்லே இல்லை. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு பயிர்க்கடன் கிராமத்துக்குள் வந்தது. அது இல்லாவிட்டால் கந்துவட்டிதான், அந்தக் கடனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வயலுக்குத்தான் கிடைத்தது. புலத்துக்கும் மாட்டுக்கிடைக்கும் யார் கடன் கொடுப்பார்? அப்பா உழவுமாட்டை விற்றார், புலத்தைத் தரிசாகப் போட்டார். நெல் மூட்டை கூடியது உண்மை. கையில் மிஞ்சியது கூடவில்லை, நோட்டில் இருக்கிறது. இதே காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பன்னீர் திராட்சை பரவியது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை, சந்தோஷம்தான். எத்தனை தடவை மருந்தடிக்கிறோம் என்பதைத் தோட்டத்துக்காரர்களே சொல்லட்டும்.

நான் 2018-ல் வந்து முதலில் உழுதது புலத்தைத்தான். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் பானையில் சாம்பல் போட்டு வைத்திருந்த மொச்சை விதை நாலு படி கொடுத்தார். இப்போது எங்கள் விதை எங்களிடமே இருக்கிறது. ஊடே இருங்குச்சோளம். இரண்டு மாடு நிற்கிறது. வயலில் யூரியா நின்று நாலு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் நெல் குறைந்தது, மறைக்க வேண்டியதில்லை. இப்போது செலவு குறைந்ததில் கணக்கு நேராகிவிட்டது.

கிடைக்குத்தான் சிரமம். காட்டில் மாடு மேய்க்க 2022-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களோடு நிறுத்தினார்கள். மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம். புலியும் வேண்டும், மலைமாடும் வேண்டும். கம்பம் நந்தகோபாலன் கோவிலில் தம்பிரான் மாட்டை இன்றைக்கும் மாட்டுப் பொங்கலுக்குக் கும்பிடுகிறோம். அந்த மாட்டினத்துக்கு மேய இடம் எங்கே என்று கேட்க ஆள் குறைவு. கிடைக்காரர் ஒருவர் போன வருஷம் என்னிடம், "ஐயா, அறுத்த வயலும் தரிசுப் புலமும் இருந்தா நாங்க காட்டுக்கு ஏன் போறோம்?" என்றார். அவருக்கு என் புலத்தில் அறுப்புக்குப் பிறகு மாசி, பங்குனி இரண்டு மாதம் இடம். எனக்கு வயலில் எட்டு ராத்திரி கிடை. காசு கைமாறுவதில்லை.

இப்போது அண்ணன் மகன் புலத்தை விற்கச் சொல்கிறான். சென்னையில் வீடு வாங்குகிறான், அவன் பங்கு ஒன்றரை ஏக்கர், கேட்பது நியாயம்தான். "சித்தப்பா, வயலைத் தொடலை, சும்மா கிடக்கிற மானாவாரியைத்தானே கேக்குறேன்" என்கிறான். பிளாட் போடுகிறவர்கள் இரண்டு தடவை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் 1964 நோட்டையும் 1978 நோட்டையும் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறேன், கூடவே கடந்த மூன்று வருஷ வரவு செலவும். அவன் பங்கை மதிப்புப் போட்டு நான் தவணையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை. தை பிறந்து மொச்சை அறுப்புக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். விதைக்கு நாற்பது கிலோ எடுத்துவைக்க வேண்டும். கிடைக்காரரிடமும் தேதி சொல்ல வேண்டும்.